ஆள் சிரித்துவிட்டார்

செந்தில்,

இதை நீ ஒரே மூச்சில் படித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் தமிழ் வீட்டில் பேசிப் பழகிய தமிழ். எழுத்து என்று பார்த்தால் இந்த டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளக் கட்டின் மேல் நீ எழுத்துக் கூட்டிப் படித்ததும், கோடை விடுமுறைகளில் நான் உருட்டி மிரட்டி எழுதவைத்ததும்தான். இங்கிலீஷில் எழுதலாம் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். இங்கிலீஷுக்குள் வந்ததும் உன் அப்பா யாரோ ஒரு செக்‌ஷன் ஆபீசர் ஆகிவிடுகிறார். நம் வீட்டு மனிதராக வரமாட்டேன் என்கிறார். அதனால் தமிழ்தான். மெதுவாகப் படி. புரியாத இடத்தில் வாய்விட்டுப் படி, கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

நீ அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, அப்பா வாய்ஸ் எப்படி இருக்கும்? போட்டோ பாத்தா முகம் வருது. வாய்ஸ் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது." நான் "நல்லா இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவுமே இல்லாத சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். நீ மறுபடி கேட்கவில்லை. நீ எதையுமே இரண்டாம் தடவை கேட்கிற பிள்ளை இல்லை, அது என் வளர்ப்பு. பாலம் ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாய். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோதும் எனக்கு உன் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் அப்போது டேப் ரிக்கார்டர் கிடையாது. அவர் குரல் எங்கேயும் இல்லை. ஆனால் குரலுக்கு முந்தின ஒன்று இருந்தது. அதைத் தேடித்தான் இந்த ஒரு மாதமும் அலைந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் என்னை "ஊசி போடாத டாக்டர்" என்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது முழங்காலைக் காட்டி மருந்து கேட்டால், உன் அப்பா குறுக்கே புகுந்து, "அவ கிட்ட கேக்காதீங்க, மொழங்கால் எப்படி மடங்குதுன்னு ஒரு மணி நேரம் சொல்லுவா, வலி அப்படியேதான் இருக்கும்" என்பார். அது பொய்யும் இல்லை. டாக்டராகப் போகும் பிள்ளைகளுக்கு முதல் வருஷத்தில் நான் சொல்லித்தருவது நோயை அல்ல, நோயில்லாத உடம்பை. ரத்தம் எப்படி ஓடுகிறது, தின்ற சோறு எந்தெந்த ரசாயனமாக மாறிச் சூடாகிறது, நரம்பில் மின்சாரம் எப்படிப் போகிறது, மூச்சு எந்த அழுத்தத்தில் உள்ளே வந்து எந்த அழுத்தத்தில் வெளியே போகிறது. உடலியங்கியல், உயிர்வேதியியல், உயிர்இயற்பியல் மூன்றும் ஒரே டிபார்ட்மென்ட், ஒரே தாழ்வாரம். ஒரு கதவில் தவளை நாற்றம், அடுத்த கதவில் ஆசிட் நாற்றம். நீ சின்ன வயதில் என் புடவையை மோந்து பார்த்து, "இன்னைக்குத் தவளையா, ஆசிட்டா?" என்று கேட்பாய். இதையும் அப்பாதான் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாளில் எங்களிடம் மெஷின் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு உருளை, சாவி கொடுத்தால் மெதுவாகச் சுற்றும். அதன்மேல் வழவழப்பான வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி ஒட்டி, புகைகிற விளக்கின் மேல் காட்டித் திருப்பினால் காகிதம் முழுக்கக் கரி படிந்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மூச்சை எழுத வேண்டுமென்றால் ஒரு ரப்பர்க் குழாயை மனிதனின் நெஞ்சைச் சுற்றிக் கட்டுவோம். அதிலிருந்து ஒரு டியூப் போய் ஒரு மெல்லிய முள்ளை ஆட்டும். நெஞ்சு விரியும்போதும் சுருங்கும்போதும் அந்த முள் கரியைக் கீறி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போகும். மூச்சை இழுத்தால் கோடு கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். பிள்ளைகள் வருஷாவருஷம் இதைத் தலைகீழாகவே எழுதுவார்கள், நானும் வருஷாவருஷம் திட்டுவேன். எடுத்து முடித்ததும் எதற்கு எடுத்தது என்பதை ஊசியால் கரியிலேயே கீறி எழுத வேண்டும். அப்புறம் வார்னிஷில் முக்கிக் கொடியில் காயப்போட வேண்டும். முக்காத காகிதத்தை விரலால் தொட்டால் போதும், கோடு போயே போய்விடும். காய்ந்ததைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகத் தங்கள் ரிக்கார்டு நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம், குளிர்காலம். காலையில் அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அப்பா ஆபீஸ் போகிற வழியில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு அதைக் கொடுக்க வந்தார். அன்றைக்கு மூச்சுப் பரிசோதனை. வழக்கமாக நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்காருகிற லேப் அட்டெண்டர் லீவு. பையன்களோ அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள். வாசலில் கண்ணாடிக் கூட்டோடு நின்றவரைப் பார்த்தேன். "ஒரு பத்து நிமிசம் உக்காருங்க" என்றேன். "என்ன பண்ணப் போற?" என்று கேட்டபடியே கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார அவர் என்றைக்கும் தயங்கியதில்லை. ஆனால் அதைச் சொல்லிக்காட்டாமலும் இருந்ததில்லை.

முதலில் சாதாரண மூச்சு. கோடு அழகாக, சீராக ஓடிற்று. "இதுதான் நார்மல், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்புறம் மூச்சைப் பிடிக்கிற கட்டம். வகுப்பில் நான் எல்லோரிடமும் பேசுகிற ஹிந்தியிலேயே அவரிடமும் சொன்னேன். "அப் ஸாஸ் ரோக்கியே." ஆழமாக இழுத்து மூச்சைப் பிடித்தார். கோடு நேராக ஓட ஆரம்பித்தது. ஸ்டூலில் உட்காருகிற யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நான் "ஷாபாஷ்" என்பேன், அது எனக்குப் பழக்கம். அவரிடமும் சொன்னேன், "ஷாபாஷ்." உருளையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் கோடு லேசாக நடுங்குவதுதான் தெரிந்தது. குழாயில் ஓட்டையோ என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் உன் அப்பா முகம் சிவந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நொடி வெடித்துவிட்டார். முள் காகிதத்தை விட்டே தெறித்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல இன்னைக்குத்தாம்ட்டி ஒரு ஷாபாஷ் சொல்லியிருக்க. அதுவும் மூச்ச நிறுத்துனதுக்கு."

"ஸார் என்ன சொன்னார் மேடம்?" என்று பிள்ளைகள் துளைத்தார்கள். "ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்" என்று எரிந்து விழுந்தேன். உருளைப் பக்கம் நின்றிருந்தவள் சுனிதா என்கிற பெண். அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி அந்தக் காகிதத்தின் மூலையில் இங்கிலீஷில் கீறினேன். தமிழில் சொன்னால், 'ஆள் சிரித்துவிட்டார். மறுபடி எடுக்கவும்.' அப்பா மணியைப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். "இன்னொரு நாள் வாரேன். அன்னைக்குச் சிரிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த கோடையில் ஒரு காலை, சர்க்கரையைக் கண்டுபிடிக்கிற பெனடிக்ட் கரைசல் நீலத்திலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது என்னைப் போனுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். இதயம். நான் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரையக்கூடிய இதயம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதுவும், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில், யாருக்கும் உபயோகப்படவில்லை. அதற்கு முன்னால் வலி கிலி என்று அவர் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் என்று எத்தனையோ நாள் யோசித்தாயிற்று. யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் நான் தப்பு செய்தேன். வேறு அம்மாக்கள் செய்யாத தப்பு, பாடம் நடத்துகிறவளுக்கே உரிய தப்பு. நீ சாப்பிட்டாய், தூங்கினாய், எடை குறையவில்லை, பள்ளியில் மார்க் குறையவில்லை. எல்லா அளவும் எல்லைக்குள் இருந்தது. நான் வெளியிலிருந்து பார்த்து, பிள்ளை நார்மல் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். நார்மலாக இருக்கிற பிள்ளையிடம் அவன் அப்பாவைப் பற்றிப் பேசி எதற்குக் கலைக்க வேண்டும் என்று பேச்சை எடுக்காமலே விட்டேன். ஸ்கூட்டரை விற்றேன். அவர் தட்டை உள்ளே எடுத்து வைத்தேன். கல்லூரியிலும் அப்படித்தான், மூச்சுப் பரிசோதனை வரும் வாரம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும், அந்த வகுப்பை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லைக்குள் இருப்பதெல்லாம் நலமாக இருப்பது ஆகாது, செந்தில். இதை என் மாணவர்களுக்கு வருஷாவருஷம் சொன்னேன். வீட்டுக்குள் வரும்போது செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். நீ குரல் வரவில்லை என்று சொன்ன அன்றுதான், பதினைந்து வருஷமாக உள்ளே தேடிக்கொண்டே இருந்திருக்கிறாய் என்று எனக்கு உறைத்தது. வெளியே ஒரு அசைவு கூடத் தெரியாமல் தேடியிருக்கிறாய். என் வயிற்றில் பிறந்தவன்தான் நீ.

நீ போன மறுநாளே டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னேன். பழைய உருளைகள் துருப்பிடித்துக் கிடந்தன, காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சாது என்பது எனக்கே தெரியும். கெட்டுப்போன பதிவை யாரும் வார்னிஷில் முக்க மாட்டார்கள், கசக்கிக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சுனிதா இப்போது லாஜ்பத் நகரில் குழந்தை வைத்தியம் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலை அவள் கிளினிக்குக்குப் போனேன். மூக்கு ஒழுகுகிற குழந்தைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் என்னைக் கண்டதும் முதல் வருஷத்துப் பெண் மாதிரி எழுந்து நின்றாள். தலையில் அங்கங்கே நரை. டீ வரவழைத்தாள். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் உள்ளே போனாள். மாடிதான் வீடு. திரும்பி வர நேரமாயிற்று. கையில் அவள் படித்த பழைய பாடப் புத்தகம், அதன் நடுவில் கறுப்பாக ஒரு துண்டுக் காகிதம். "தூக்கிப் போட மனசு வரவில்லை மேடம். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் வார்னிஷில் முக்கிவிட்டேன்" என்றாள். அவர் போன செய்தி கேட்டு வகுப்பே நம் வீட்டுக்கு வந்ததே, அன்றைக்கு அதை என்னிடம் கொடுக்கத்தான் எடுத்து வந்தாளாம். "பர்ஸ் மே தா, மேடம். ஆப்கா லிக்கா ஹுவா தேக் கர் ஹிம்மத் நஹீ ஹுயீ." பர்ஸில்தான் இருந்திருக்கிறது. மூலையில் நான் கீறியதைப் பார்த்துவிட்டு, அந்த நாளில் அதை என் கையில் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் டீயை எடுத்தேன். குடிக்கப் போய்ப் புடவையில் கொட்டிக்கொண்டேன்.

"உங்கள் முன்னால் அவரை அவமானப்படுத்திவிட்டேன், இல்லையா?" என்று கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இல்லையே மேடம். ஆப் பீ ஹஸீ தீ." நானும் சிரித்தேனாம். "எங்களைத் திட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையில் ஏதோ எழுதினீர்கள், உங்கள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது, சாக்பீஸ் உடைந்தது, நாங்கள் எல்லோரும் பார்த்தோம்" என்றாள். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. கோபப்பட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பிறகு அவள் கேட்டாள், "அன்றைக்கு ஸார் தமிழில் என்ன சொன்னார் மேடம்? ஹாஸ்டலில் நாங்கள் பந்தயமே கட்டினோம்." முதல் பாதியை அவளுக்கு ஹிந்தியில் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் பாதியைச் சொல்ல என்னால் முடியவில்லை. உனக்கு மட்டும்தான் முழுசாக எழுதியிருக்கிறேன்.

நீயும் ஒருநாள் யாரோடாவது குடித்தனம் நடத்துவாய். வெளியில் ஊருக்கெல்லாம் ஷாபாஷ் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொள்ளாதே. நல்ல ரசத்துக்குச் சொல். மழையில் நனைந்துகொண்டு பால் வாங்கி வந்ததற்குச் சொல். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்குக் கூடச் சொல், ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு வராமல் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், அவ்வளவுதான். உன்னிடமும் அப்படியே இருந்துவிட்டேன். கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பிவைத்தேன். ஏதாவது கேட்டு நான் சமையலறைக்குள் ஓடினால், பின்னாலேயே வந்து மறுபடி கேள்.

அந்தத் துண்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து இதோடு அனுப்புகிறேன். மடிக்காதே, வார்னிஷ் வெடித்துவிடும். ஜன்னல் ஓரமாகப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, இடமிருந்து வலமாகப் பார். முதலில் அலை அலையாகப் போவது அவர் சாதாரணமாக மூச்சு விடுவது. நம் வீட்டில் ஈஸிசேரில் பேப்பர் படிக்கும்போது அப்படித்தான் விடுவார், நீ அவர் நெஞ்சில் சாய்ந்து தூங்கியது அந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான். பிறகு ஒரு பெரிய இறக்கம், அங்கே ஆழமாக இழுக்கிறார். இறங்குவது என்றால் இழுப்பது, என் மாணவர்களைப் போல் நீயும் மாற்றிப் புரிந்துகொள்ளாதே. அப்புறம் நேர்க்கோடு. அதில் ஓரிடத்தில் கோடு பொடிப்பொடியாக நடுங்கத் தொடங்குகிறது பார், அங்கேதான் நான் ஷாபாஷ் சொன்னேன். அந்த நடுக்கம் முழுவதும் உன் அப்பா சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவது. அதற்குப் பின்னால் படிப்படியாகக் குதித்து ஏறுகிறதே, அது அவர் சிரிப்பு. கனத்த சிரிப்பு, செந்தில், முதலில் தொண்டைக்குள்ளேயே உருண்டு பிறகுதான் வெளியே வரும். நீ குளியலறையில் ஏதோ நினைத்துச் சிரிக்கும்போது அதே மாதிரி வந்து, நான் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாயே, பாதிக்கு மேல் உன் தொண்டையிலேயே இருக்கிறது. கடைசியில் கோடே இல்லாமல் வெறும் கறுப்பாக இருப்பது, முள் தெறித்துப் போன இடம். அதற்கு மேல் ஒன்றும் பதிவாகவில்லை.

மூலையில் வெள்ளையாகத் தெரிகிற எழுத்து என்னுடையது. அன்றைக்கு எரிச்சலில் கீறினேன். ஆள் சிரித்துவிட்டார், மறுபடி எடுக்கவும். இன்றைக்கு என் கையில் அந்த ஊசியைக் கொடுத்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

அம்மா